முனிக்குச் சுற்றிய சுருட்டு

கிருஷ்ணப்பன் மடியிலிருந்து ஒரு மஞ்சள் நூலை எடுத்து என் பலகை மேல் வைத்தார். நூலில் இரண்டு முடிச்சுகள் இருந்தன. ஒன்று சுருட்டின் நீளத்துக்கு, ஒன்று கனத்துக்கு. நீளம் ஒரு முழம். கனம், என் மணிக்கட்டு அளவு.

"போன தடவைய விடப் பெருசா இருக்கணும் பாய். சாமி காரியம்," என்றார்.

அவர் கருங்கல்மேட்டு ஊர்க்கவுண்டர். காரிமங்கலத்திலிருந்து தருமபுரி ரோட்டில் நாலு மைல் போனால் அந்த ஊர். கிருஷ்ணப்பன் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போடுகிறவனிடம் எனக்குப் பயமில்லை, அவன் கத்தி முடித்ததும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். இவர் மெதுவாகப் பேசுவார், பேசிவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் நூலை எடுத்துக்கொண்டேன். யாருடைய பெயருக்கு என்று கேட்டேன்.

"ராமக்காளு," என்றார்.

கருங்கல்மேட்டு ஏரிக்கரையில் கல்லில் ஒரு முனியப்பன் சிலை இருக்கிறது. ஏணி போட்டால்தான் வாய்க்கு எட்டும். உருட்டு விழி, சுருட்டு மீசை, பல்வரிசைக்கு நடுவில் சுருட்டைச் செருக ஒரு ஓட்டை. ஊரில் ஏதாவது களவு போனால் அவர்கள் போலீஸுக்குப் போவதில்லை. சந்தேகப்பட்ட ஆளின் பெயரைச் சொல்லி முனியின் வாயில் ஒரு சுருட்டைப் பற்ற வைப்பார்கள். சுருட்டில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி ஒரு மஞ்சள் நூல் கட்டியிருக்கும். நெருப்பு போய் அந்த நூலைத் தொட்டுவிட்டால் ஆள் சுத்தம். அதற்கு முன்னால் அணைந்தால் திருடன். அப்பீல் கிடையாது.

ராமக்காள் அந்தக் கோயிலைக் கூட்டிப் பெருக்கி விளக்குப் போடுகிறவள். முனியின் கண்ணில் பதித்திருந்த வெள்ளிக் கண்மலர் இரண்டும் காணாமல் போய்விட்டன, கோயிலுக்குள் தினம் போகிறவள் அவள் ஒருத்திதான். சுருட்டு அணைந்தால் ஊரில் அவளுக்குத் தண்ணீர் கிடையாது, கூலி கிடையாது, அடுப்புக்கு நெருப்புக்கூட யாரும் கொடுக்கமாட்டார்கள். அவள் புருஷன் புளியமரத்திலிருந்து விழுந்து இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. அவனைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போவாள்?

ஏன் இந்த வேலைக்கு என்னைத் தேடி வருகிறார்கள் என்றால், நான் எந்தப் பக்கமும் இல்லாதவன். ஊருக்குள் ஒருவன் சுற்றினால் அவன் இவளுக்குச் சொந்தம், அவனுக்குப் பங்காளி என்று பேச்சு வரும். காரிமங்கலம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் கடை வைத்திருக்கிற முகம்மது கவுஸுக்கு அங்கே மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. சுருட்டு பாய் என்றால் எல்லாருக்கும் பொது.

என் தொழிலில் எனக்குத் திமிர் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆளைப் பார்த்தாலே அவன் வாய்க்கு என்ன அளவு என்று எனக்குத் தெரியும். ஒரே கட்டிலிருந்து எடுத்த ஒரே இலைதான். சுண்டுவிரல் கனத்தில் சுற்றினால் சூடாக எரிந்து நாக்கைப் பொசுக்கும், மேலே சுற்றிய இலையின் காரம் மட்டும்தான் தெரியும். கட்டைவிரல் கனத்தில் சுற்றினால் புகை குளிர்ந்து வரும், உள்ளே வைத்த இலையின் இனிப்பு நாக்குக்கு எட்டும், ஆனால் இழுக்க நெஞ்சில் தெம்பு வேண்டும். நீளத்தைக் கூட்டினால் முதல் பாதி புது மருமகள், கடைசிப் பாதி மாமியார். இது தெரியாமல் "பெருசா ஒண்ணு குடு பாய்" என்று வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். பெரிய செருப்பை மாட்டினால் வேகமாக நடக்கலாம் என்று நினைக்கிற ஜாதி அது.

பஸ் கண்டக்டர்களுக்குக் குட்டையாக, ஒல்லியாக, அடுத்த நிறுத்தம் வருவதற்குள் தீருகிற மாதிரி. கிணற்றில் மாடு கட்டிக் கவலை ஓட்டுகிறவர்களுக்குக் குட்டையாக, பருமனாக, வாயில் கவ்வியபடி கிடக்கிற மாதிரி. மாயவனுக்கு மட்டும் தனி வடிவம்.

மாயவன் கருங்கல்மேட்டில் கல் உடைக்கிறவன். முன்பல் இரண்டு இல்லை. நேர்ச் சுருட்டை அவனால் கவ்வ முடியாது. அவனுக்காகவே இரண்டு முனையும் ஒடுங்கி நடு வயிறு பருத்து, பெரிய நெல்மணி மாதிரி ஒன்று சுற்றினேன். ஒடுங்கிய முனை சட்டென்று பற்றும். முதலில் மிளகு போல ஒரு காரம், வயிற்றுக்கு வந்ததும் வெல்லம் போல ஒரு மெத்தனம், வாய்ப்பக்கம் நெருங்க நெருங்க மறுபடி கசப்பு. ஒரே சுருட்டில் மூன்று ருசி. அதை இழுக்கும்போது மாயவன் கண்ணை மூடிக்கொள்வான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், எண்பத்து மூன்றில், அவன் பெயருக்குத்தான் முனிக்கு ஒரு சுருட்டு சுற்றினேன்.

அப்போது கோயில் மணி காணாமல் போயிருந்தது. கிருஷ்ணப்பன் இதே மாதிரி வந்து, சாமி வாய்க்குத் தகுந்த மாதிரி பண்ணிக் கொடு என்றார். நான் பெருமையில் பூரித்துப்போனேன். நல்ல இலையாகப் பொறுக்கி, தண்ணீர் தெளித்துப் பதமாக்கி, இரும்பு மாதிரி இறுக்கி, இதைவிடக் கொஞ்சம் குறைந்த கனத்தில் ஒரே மாதிரி இரண்டு சுற்றி, நல்லதைக் கொடுத்தேன். அது ஒரு விரற்கடை எரிந்து அணைந்தது. மாயவன் அன்று மாலையே மொரப்பூருக்கு நடந்து போய் ரயில் ஏறினான். ஏறாவிட்டால் ஊரார் அவன் கையை உடைத்திருப்பார்கள். ஆனால் அப்புறம் எல்லாரும் சொன்னது, எடுத்தவனாக இருந்ததால்தான் ஓடினான் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். என் சாமி வேறுதான், ஆனால் பயம் எல்லாருக்கும் ஒன்றுதானே.

நாலு மாதம் கழித்து மழைக்காலத்தில் கடைக்குள் கொசு தாங்கவில்லை. மிச்சம் கிடந்த அந்த ஜோடிச் சுருட்டைப் பற்றவைத்துச் சுவர் ஓட்டையில் செருகினேன். அணைந்தது. மறுபடி பற்றவைத்தேன், அணைந்தது. மூன்றாவது தடவை அணைந்தபோதுதான் எனக்கு விளங்கியது. சுருட்டு என்பது இழுக்கிறவன் மூச்சில் உயிர் வாழ்கிற பொருள். கனமாக, இறுக்கமாக, ஈரப் பதத்தோடு சுற்றியதை யாரும் இழுக்காமல் விட்டால் அது செத்துத்தான் போகும். ஊரெல்லாம் வாயளவு பார்த்துச் சுற்றுகிற நான், அந்த வாய் கல் என்பதை மறந்துபோனேன்.

அன்றே கருங்கல்மேட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சாமி காரியத்தில் பாய் விளையாடிவிட்டான் என்று ஒருவன் ஆரம்பித்தால் என் கடை மட்டுமா போகும், எங்கள் தெருவே போகும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் பொய்யில்லை. ஆனாலும் நான் வாயை மூடிக்கொண்டது தெருவுக்காக இல்லை, என் முதுகுக்காக.

மாயவனின் பெண்சாதி முனியம்மாள் ஊரிலேயே இருந்தாள். அவன் ஓசூரில் கட்டட வேலையில் கல் சுமந்துகொண்டிருந்தான். மாதம் ஒருமுறை அவள் என் கடைக்கு வந்து நெல் வடிவச் சுருட்டு பத்து வாங்கிக்கொண்டு, எதிரில் கிருஷ்ணகிரி பஸ் ஏறி, அங்கிருந்து ஓசூர் போவாள். நான் கேட்காமலே ஒவ்வொரு தடவையும் சொல்வாள், அவரு எடுக்கலங்க பாய் என்று. நான் தலையை ஆட்டிக்கொண்டு பத்துக்குப் பன்னிரண்டாக வைத்துக் கட்டிக் கொடுப்பேன்.

இப்போது ராமக்காள்.

கிருஷ்ணப்பன் ஐந்து நாள் தவணை கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்குப் போய் என் பெண்சாதி ஜான் பீயிடம் முழுக்கதையையும் சொன்னேன். மூன்று வருஷமாக அவளிடமும் சொல்லாமல்தான் வைத்திருந்தேன். வீட்டில் நாங்கள் உருது பேசுவோம், ஆத்திரம் வந்தால் மட்டும் ஜான் பீ தமிழுக்கு மாறிவிடுவாள். முடியாது என்று சொல்லிவிடலாமா என்று கேட்டேன். வேறு யாராவது இதைவிட மோசமாகச் சுற்றிக் கொடுப்பான், அப்போது அந்தப் பொம்பளை கதி என்ன என்று அவளே உருதுவில் கேட்டாள். நான் எரியவைக்கிற மாதிரி ஏமாற்றிச் சுற்றி, அது வெளியே தெரிந்தால் என் கதி என்ன என்று கேட்டேன். அப்போதுதான் தமிழ் வந்தது.

"ஒண்ணு பயப்படுங்க, இல்லாட்டி சுத்துங்க. ரெண்டையும் சேத்து செஞ்சா பீடிதான் வரும்."

மறுநாளிலிருந்து மத்தியானத்தில் கடையைச் சாத்திவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்தேன். சுவரில் ஒரு ஓட்டை போட்டு, அதுதான் முனியின் வாய் என்று வைத்துக்கொண்டேன். முதல் சுருட்டு, நூலில் இருந்த கனத்துக்கு நேராகச் சுற்றியது, ஒரு விரற்கடையில் செத்தது. அடுத்ததில் இலையை நன்றாகக் காயவைத்துத் தளர்த்திச் சுற்றினேன். மூன்றில் ஒரு பங்கு போய் அணைந்தது. அடுத்ததில் உள்ளே ஒரு துடைப்பக் குச்சியை வைத்துச் சுற்றி, முடிந்ததும் குச்சியை உருவிவிட்டேன். காற்றுப் போக நீளத்துக்கும் ஒரு துளை. அது பாதி வரை வந்தது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே புகை மெலிந்து நின்றுபோனது. விரல் கனத்தில் ஒன்றை வைத்துப் பார்த்தேன், அது ஜம்மென்று கடைசி வரை எரிந்தது. எரிந்து என்ன செய்ய? நூல் அளவு வேண்டுமே.

மூன்றாம் நாள் ராமக்காளே கடைக்கு வந்தாள். அழுவாள், காலில் விழுவாள் என்று பயந்தேன். அவள் பலகைக்கு முன்னால் நின்று, சுத்திக்கிட்டு இருக்கறீங்களா பாய் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்ல எலையாப் பாத்துப் போடுங்க. நான் எடுக்கல, அது சாமிக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு, படுத்திருக்கிற புருஷனுக்குக் கஞ்சி வைக்க வேண்டும் என்று திரும்பிப் போனாள். அவளுக்குத் துளிப் பயமில்லை. சாமியை நம்புகிறவளுக்கு என்ன பயம். சுருட்டைப் பற்றித் தெரிந்தவனுக்குத்தான் பயம்.

நாலாம் நாள், கை ஓயட்டும் என்று முனியம்மாளுக்கு அந்த மாதத்துப் பத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். முதல் நெல்மணியைச் சுற்றி முடித்துப் பலகையில் வைத்ததும் பார்வை அதிலேயே நின்றது. கிருஷ்ணப்பன் நூலை எங்கே சுற்றி அளப்பார்? வயிற்றில். முனையை யாரும் அளப்பதில்லை.

அன்று மத்தியானமே முழ நீளத்துக்கு ஒரு நெல்மணி சுற்றினேன். வயிறு மட்டும் நூல் கனம், அங்கே இலை தளர்ச்சி, நடுவில் குச்சி உருவிய துளை. இரண்டு முனையும் விரல் மாதிரி ஒடுக்கம். பற்றவைத்ததும் முனை சுறுசுறுவென்று பிடித்தது, வயிற்றுக்கு வந்தபோது புகை தடுமாறியது, பிறகு தாண்டிவிட்டது. கடைசி வரை எரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொன்று அப்படியே சுற்றிப் பற்றவைத்தேன். அது வயிற்றில் அணைந்தது.

ஆக, இரண்டில் ஒன்று. அதற்குமேல் பார்க்க நாளும் இல்லை, அந்தப் பதத்தில் காய்ந்த இலையும் ஒரு சுருட்டுக்குத்தான் இருந்தது. அதைச் சுற்றி, துளை தெரியாமல் இரண்டு முனையிலும் தூள் இலையை லேசாக அடைத்து, ஜான் பீயிடம் காட்டினேன். அவள் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு தொழுகைக்குப் போனாள்.

கிருஷ்ணப்பன் வந்தார். நூலை வைத்து நீளம் பார்த்தார். வயிற்றில் சுற்றிக் கனம் பார்த்தார். அளவு சரி. சுருட்டைக் காதருகே வைத்து விரலால் லேசாக அழுத்தினார்.

"மொன ஏன் ஒடுங்குது?"

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் ஒரு முழம் இருந்தது. வாய் பாட்டுக்குப் பேசியது. நேர்ச் சுருட்டில் புகை அகலமாக வந்து வாய் பூராவும் சிதறிப்போகும், முனை ஒடுங்கினால் ருசி குவிந்து நாக்கின் நடுவில் வந்து விழும், வயிறு பருத்திருப்பதால் புகை சூடு ஆறி வரும், சாதாரண ஆளுக்கே இப்படிச் சுற்றும்போது சாமிக்கு மொட்டையாக ஒரு கட்டையைச் செருகலாமா என்றெல்லாம் சொன்னேன். ஒரு வார்த்தை பொய்யில்லை. அவர் கேட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி நாக்கு ருசி ஒனக்கு எப்பிடித் தெரியும் பாய்?"

அவர் சுருட்டை வேட்டித் துண்டில் சுற்றிக்கொண்டார். எழுந்து போகும்போது, நாளைக்கு நீயும் வந்துவிடு, அணைந்தால் சுற்றியவன் மேல் பேச்சு வரக்கூடாது பார் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாரோ என்னவோ, எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் பொழுது சாயத் தொடங்கும்போது ஏரிக்கரையில் ஊரே கூடியிருந்தது. ஏரியில் தண்ணீர் இல்லை, காற்றும் இல்லை. காற்றில்லை என்பதைத்தான் நான் முதலில் கவனித்தேன். ராமக்காள் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு முனிக்கு எதிரில் நின்றாள். நான் கூட்டத்துக்கு வெளியே, ஓடுவதென்றால் ரோட்டுக்கு எட்டுகிற தூரத்தில் நின்றேன். கிருஷ்ணப்பன் கையைக் காட்டி முன்னால் கூப்பிட்டார். போனேன்.

பூசாரி மாது ஏணியில் ஏறிச் சுருட்டைச் செருகினார். வாயின் ஓட்டையில் ஒடுங்கிய முனை சரியாக உட்கார்ந்தது. ராமக்காளின் பெயரைச் சொல்லிப் பற்றவைத்தார். முனை உடனே பிடித்துக்கொண்டது. பம்பைக்காரர்கள் இரண்டு அடி அடித்துவிட்டு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு யாரும் பேசக்கூடாது என்பது வழக்கம். அத்தனை பேர் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சாம்பல் ஒரு விரற்கடை வளர்ந்தது, இரண்டு வளர்ந்தது. மாயவனுக்கு அணைந்த இடத்தைத் தாண்டியபோது கூட்டம் ஒருமுறை அசைந்தது. நான் மனதுக்குள் எனக்குத் தெரிந்த ஓதலையெல்லாம் ஓதினேன், யாரைப் பார்த்து ஓதினேன் என்று இப்போது கேட்டால் சொல்லமுடியாது. வயிற்றை நெருங்க நெருங்கப் புகை மெலிந்தது. ஒரு நூலிழை மாதிரி ஆனது. பிறகு இல்லை.

புகை இல்லவே இல்லை. சாம்பல் மட்டும் வெளுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாது ஏணியில் ஒரு படி மேலே ஏறிக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு கிருஷ்ணப்பனைத் திரும்பிப் பார்த்தார். ராமக்காள் கண்ணை மூடவில்லை, அவளுடைய உதடு மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. இப்போதே சொல்லிவிடு, கனத்தால்தான் அணைகிறது என்று கத்திவிடு என்று உள்ளே ஒருவன் அடித்துக்கொண்டான். நான் வாயைத் திறந்தேன். கண் ரோட்டுப் பக்கம் போனது.

அப்போது சாம்பல் தன் பாரத்துக்கே ஒடிந்து விழுந்தது. உள்ளே துளைக்குள் ஒளிந்திருந்த நெருப்பு காற்றுப் பட்டுச் சிவந்தது. புகை குபுக்கென்று வந்தது. வயிற்றைத் தாண்டிவிட்ட பிறகு அதற்கு ஒரு தடையும் இல்லை, ஒடுங்கிய பக்கம் விறுவிறுவென்று போய் மஞ்சள் நூலைக் கருக்கி அறுத்தது. ராமக்காள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பம்பை அதிர்ந்தது. மாது இறங்கி வந்து அவளுக்குத் திருநீறு பூசினார். கிருஷ்ணப்பன் என் பக்கம் திரும்பி, சாமி குடிச்சிருச்சு பாய் என்றார். அன்று ராத்திரி நான் வயிறாரச் சாப்பிட்டேன். தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் முனியம்மாள் வந்தாள். அவளுக்கான பத்தும் கட்டி வைத்திருந்தேன், மேலே இரண்டு சேர்த்து. பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"அவருக்கு இனிமே சுருட்டு வேணாங்க பாய்," என்றாள்.

உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். முந்தாநாள் கூட்டத்தில் அவளும் இருந்திருக்கிறாள். முனியின் வாயில் இருந்ததைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டதாம், அது அவள் புருஷனுடைய சுருட்டு வடிவம் என்று.

"மூணு வருசமா அவரு எடுக்கலன்னு ஊரு பூரா சாதிச்சேங்க. சாமி அவரு சுருட்டையே வாயில வச்சுக் குடிச்சுக் காட்டிருச்சு. ராமக்காளு எடுக்கல, அதனால முழுசும் எரிஞ்சுது. அவரு எடுத்தாரு, அதனால அணைஞ்சுது. இதுக்கு மேல சாமி என்னங்க சொல்லணும்?"

இனி ஓசூருக்குப் போகப் போவதில்லை என்றாள். அவனை ஊருக்கு வரச்சொல்லவும் போவதில்லையாம். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. இத்தனை நாள் தனியாகத் தூக்கிச் சுமந்த ஒன்றை இறக்கி வைத்துவிட்டவள் மாதிரி, வெறும் ஆளாக நின்றாள்.

நான் ஒருத்தியைக் காப்பாற்றினேன் என்று இரண்டு நாளாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அந்த நெல்மணி அங்கே எரிந்து முடிந்த நேரத்தில் மாயவன் கதையும் முடிந்துவிட்டிருக்கிறது. முடித்தவன் நான். அவள் திரும்பி இரண்டடி வைத்துவிட்டாள். அவள் ரோட்டைத் தாண்டிவிட்டால் என் ரகசியம் என்றைக்கும் பத்திரம். சத்தியமாக ஒரு நொடி அதைத்தான் நினைத்தேன்.

அப்புறம் கூப்பிட்டேன். இரும்மா என்றேன்.

பலகைக்கு அடியில் ஒரு தகர டப்பாவில் அந்தப் பழைய ஜோடிச் சுருட்டை வைத்திருந்தேன். ஏன் எறியாமல் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. அதை எடுத்து, உன் புருஷன் பெயருக்கு எரிந்ததற்கு இது உடன்பிறப்பு, ஒரே நாளில் ஒரே கையால் சுற்றியது என்றேன். பற்றவைத்துச் சுவர் ஓட்டையில் செருகினேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அணைந்தது. மறுபடி பற்றவைத்தேன், அணைந்தது. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அதை எடுத்து நெருப்பு வைத்து அவள் கையில் கொடுத்து, இழு என்றேன்.

அவள் தயங்கினாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்து இழுத்தாள். முனை பளீரென்று சிவந்தது. இருமினாள், மறுபடி இழுத்தாள், மறுபடி சிவந்தது. இழுக்காமல் கையில் பிடித்துக்கொண்டு அது கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பதைப் பார்த்தாள். சுவர் ஓட்டையைப் பார்த்தாள்.

"கல்லு இழுக்காதுங்களே," என்றாள்.

"இழுக்காதும்மா."

ராமக்காளுக்கு ஏன் எரிந்தது என்பதையும் சொன்னேன். கனம், வடிவம், துளை, எல்லாம் சொன்னேன். அவள் நான் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்கவில்லை.

"எப்பத்துல இருந்துங்க தெரியும்?"

மூன்று வருஷமாக என்றேன். அவள் பலகை மேல் கிடந்த பொட்டலத்தைப் பார்த்தாள். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

"மாசாமாசம் ரெண்டு சேத்து வச்சது இதுக்குத்தானுங்களா?"

செருப்பால் அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. நான் ஆமாம் என்றேன்.

அவள் அணைந்த சுருட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். பொட்டலத்திலிருந்து இரண்டை எடுத்துப் பலகையில் வைத்துவிட்டுப் பத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள். சந்தை நாளைக்குள் அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்றாள். இப்போது செய்து காட்டியதை ஏரிக்கரையில் ஊருக்கு முன்னால் செய்து காட்டவேண்டும், மாயவனும் எடுக்கவில்லை, ராமக்காளும் எடுக்கவில்லை என்று கவுண்டரிடம் என் வாயால் சொல்லவேண்டும் என்றாள். மிரட்டவில்லை. நான் வருவேன் என்று நம்பிச் சொன்னாள். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

கிருஷ்ணகிரி பஸ் வந்தது. அவள் ஏறிப் போனாள்.

கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். சந்தைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. கிருஷ்ணப்பனின் பார்வை, மாதுவின் ஏணி, ஈரச் சேலையோடு ராமக்காள் நின்ற இடம் எல்லாம் மாறி மாறிக் கண்ணுக்கு முன்னால் வந்தன. அந்த இடத்தில் இனி நான் நிற்கவேண்டும், எனக்குச் சுற்றிக் கொடுக்க ஆள் கிடையாது. பாப்பிரெட்டிப்பட்டியில் என் தம்பி காஜா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வரலாமா என்று ஜான் பீயிடம் உருதுவில் கேட்டேன்.

அவள் அரிசி களைந்துகொண்டே தமிழில் பதில் சொன்னாள்.

"ஓடிப் போனா, நீங்கதான் எடுத்தீங்கன்னு ஆயிடும்."

நான் திரும்பிப் போய்க் கடையைத் திறந்தேன்.